பொய்க்கு ஒரு பட்டை

பர்ன்ஸ் ஊரில் ட்வைலா க்ரெப்ஸிடம் வண்டியை வேலைக்கு விட வேண்டுமானால் முதலில் தீவனக் கடைக்குப் போக வேண்டும். பிக்கப் வண்டியின் முதுகில் கேம்பரை, அதாவது படுக்கையும் அலமாரியும் கொண்ட பெட்டிவீட்டை, ஏற்றி, அதன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அலமாரிகளில் சாமான்களை அடுக்கி, நாய் இருந்தால் நாயையும் உட்கார வைத்து, வைக்கோல் லாரிகள் ஏறும் எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இல்லாமல் பட்டறைக்குள் நுழைந்தவர்களை ட்வைலா ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கேம்பர் செய்த கம்பெனி கதவில் ஒட்டியிருக்கும் எடையைப் படித்துக் காட்டினால், "அது அட்டையோட எடை" என்பார்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பட்டறை தொடங்கும் முன் பதினோரு வருடம் நெடுஞ்சாலை எடைச்சாவடியில் வேலை பார்த்தவர். அதிக பாரத்தோடு பிடிபட்ட ஓட்டுநர்கள் சொன்ன காரணங்களையெல்லாம் நின்று கேட்டவர். தார்ப்பாயில் படிந்த தூசி என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனனைக் காட்டி, நேற்று கல்யாணத்தில் சாப்பிட்டது என்றார். மைத்துனனும் தலையாட்டினானாம். அந்த வேலையை விட்டபோது ட்வைலாவுக்கு நாற்பது வயது. இப்போது அறுபத்திரண்டு. இடையில் எவர் பேச்சின் மீதும் அவருக்கு நம்பிக்கை வளர்ந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் அக்டோபரில் தெற்கே அரிசோனா பாலைவனத்துக்குப் போய், ஏப்ரலில் திரும்புகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டைப் பிக்கப்பின் முதுகில் சுமந்து போகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டியை விட்டால் பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்கு மரக்கிளையில் உள்ள ஆந்தையைத் தேடும். ட்வைலா பின் அச்சில் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி அதை நிமிர்த்துவார். சீட்டில் உள்ள எடைக்கு எத்தனை பட்டை வேண்டுமோ, அதற்கு மேல் எப்போதும் ஒன்று சேர்த்துப் பூட்டுவார். ஏன் என்று கேட்டால், "அது பொய்க்கு" என்பார். எடை போட்ட நாளன்று சுமையைக் குறைத்துக் காட்டிவிட்டு, மறுவாரம் ஏற்றிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. ஊரில் எல்லோருக்கும் அந்தப் பட்டையைத் தெரியும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, ஏனென்றால் எல்லோரும் மறுவாரம் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை லைல் ஹாகன் பட்டறை வாசலில் வந்து நின்றார். முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். பக்கத்தில் மனைவி ஆர்டிஸ், பள்ளிச் சமையலறையில் இருந்தவர். இருவரும் கல் பொறுக்கிகள்; அதாவது மலைச்சரிவில் அகேட் என்னும் வண்ணக்கல் தேடித் திரிகிறவர்கள். முந்தைய செப்டம்பரில் ட்வைலாதான் அவர்கள் பிக்கப்புக்குப் பட்டை ஏற்றிக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் ஆர்டிஸுக்கு முழங்கால் அறுவை என்பதால் அவர்கள் தெற்கே போகவில்லை. கேம்பர் காலியாக வண்டியின் மேலேயே வீட்டு வாசலில் நின்றது. ஏப்ரல் கடைசியில்தான் முதல் பயணம் போனார்கள்.

"ஒங்கிட்ட விட்டதுலேருந்து மூக்கு குத்துது, ட்வைலா" என்றார் லைல். "பிரேக்கைத் தொட்டாப் போதும், ரோட்டை மோந்து பாக்குது."

"என்ன ஏத்தினீங்க?"

"ஒண்ணும் ஏத்தல. பின்னாடி நீ ஓவராத் தூக்கிட்ட. அதான் முன்னாடி குத்துது."

"எடை போட்டுப் பாத்துடலாம், வாங்க."

"நான் பொய் சொல்றேன்கறியா? உன் பசங்க ரெண்டு பேரையும் பத்து வருஷம் பனியில பத்திரமா எறக்கி விட்டவன் நான்."

"அதனாலதான் வாங்கன்னு சொல்றேன். வேற யாராயிருந்தாலும் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

லைல் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "ஜூன்ல கல் திருவிழா வருது. வாசல்ல நின்னு வண்டி நிறுத்தற வேலை என்னோடது. கேக்கறவங்ககிட்ட நான் நடந்ததைச் சொல்வேன். அவ்வளவுதான்."

அது சின்ன மிரட்டல் அல்ல. ஜூனில் பொருட்காட்சித் திடலில் கூடும் கல் பொறுக்கிகளின் கேம்பர்கள்தான் ட்வைலாவின் பாதி வருட வேலை. வாசலில் நிற்கும் லைல், "க்ரெப்ஸ் கிட்டப் போகாதே" என்று முதல் வண்டியிடம் சொன்னால், மதியச் சாப்பாட்டுக்குள் கடைசி வண்டிக்கு எட்டிவிடும். ட்வைலா மேசை இழுப்பறையைத் திறந்து, செப்டம்பர் மாத எடைச் சீட்டைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டியில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை என்பதால் தீவனக் கடையில் வைக்கோல் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு வைக்கோல் நிலவரம் எழுத நானும் அங்கே இருந்தேன். எடைமேடைக்காரர் வேட் ஓல்ஸ்டெட் ஹாகன்களின் பிக்கப்பை நிறுத்தி, சீட்டை நீட்டினார். ட்வைலா இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரக்கப் படித்தார்.

"செப்டம்பரைவிட நானூத்தி எம்பது பவுண்டு கூட."

லைல் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆர்டிஸ்."

"என்னை ஏன் பாக்கற? ஓட்டறது நீ."

"முன்னாடி அலமாரியில என்ன இருக்கு?"

"போர்வை."

"போர்வைக்குள்ள?"

ஆர்டிஸ் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். லைல் கேம்பருக்குள் ஏறி, முன் படுக்கைக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தார். போர்வைச் சுருணைகளுக்குள் இடிமுட்டைகள். வெளியே சொறிபிடித்த உருளைக்கிழங்கு போலவும் உள்ளே கண்ணாடிப் பூப்போலவும் இருக்கும், எங்கள் மாநிலத்துக் கல். ஒவ்வொன்றாக இறக்கினார். லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

"நாலஞ்சு கல்லுன்னு சொன்னியே" என்றார் லைல்.

"நாலஞ்சு பைன்னு சொன்னேன். நீ எங்க காதுல வாங்கின."

"கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம், இவ என்கிட்டேயே கடத்தறா."

ட்வைலா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அந்த பெஞ்சையும் தூக்குங்க, லைல்."

"அதுக்குள்ள ஒண்ணுமில்ல."

இப்போது ஆர்டிஸ் ஏறினார். புது முழங்காலைப் பொருட்படுத்தாமல் ஏறி, உட்காரும் பெஞ்சின் பலகையைத் தூக்கினார். உள்ளே பழைய கம்பளிக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரிகள், ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு படுத்திருந்தன.

"இது என்ன, அடைகாக்க வெச்சிருக்கியா?" என்றார் ஆர்டிஸ். "இனிமே பேட்டரி வேண்டாம்னு நாம பேசினோமே."

"நீ பேசின. நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. வேட் கல்லையும் பேட்டரியையும் மூட்டைத் தராசில் போட்டார். கல் நூற்றைம்பது, பேட்டரி நூற்றிருபது. லைல் காது சிவந்து நின்றார். "சரி ட்வைலா, ஒத்துக்கறேன். ஏத்தினது நாங்கதான். திருவிழாவுல நான் வாயே தெறக்க மாட்டேன். விடு."

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ட்வைலாவின் கண் சீட்டிலிருந்து எழவில்லை.

"இன்னும் இருநூத்திப் பத்து பவுண்டு எங்க?"

"வேட்டோட எடைமேடை வயசாயிடுச்சு" என்றார் லைல்.

"போன வாரம்தான் ஆய்வாளர் வந்து முத்திரை போட்டுட்டுப் போனார்" என்றார் வேட். "உன் வயசை நான் கேட்டேனா?"

தண்ணீர் இரண்டு முறையும் முழுத் தொட்டி. எரிபொருளும் அப்படியே. ஆர்டிஸ் லைலைப் பார்த்தார். லைல் ஆர்டிஸைப் பார்த்தார். ஒருவரின் கோட்டுப் பையை மற்றவர் தடவிப் பார்க்காததுதான் பாக்கி. ட்வைலா இருவரையும் நம்பவில்லை. கேம்பருக்குள் ஏறி, பின்பக்கத்திலிருந்து சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார், உள்ளே எதையோ ஒளித்து வைத்தவர்களைத் தேடுகிறவர் போல. பின்சுவர் வெற்றுப் பெட்டியாகச் சத்தம் கொடுத்தது. நடுச்சுவரும் அப்படித்தான். வண்டித் தலைக்கு மேல் நீண்டிருக்கும் முன்படுக்கையின் சுவரில் தட்டியபோது ஈரமாவில் அடித்ததுபோல் சத்தமே எழவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். பலகை நேற்றைய ரொட்டியைப் போல் உள்வாங்கியது. ஒரு திருகாணியைக் கழற்றினார். துருவும் பழுப்புத் தண்ணீரும் சொட்டின.

"படுக்கை ஒரு நாள்கூட நனையலையே" என்றார் ஆர்டிஸ்.

"படுக்கைக்கு வரல. சுவருக்குள்ளேயே குடிச்சுக்கிட்டிருக்கு. மரமும் குளிர் தடுக்கற நுரைப்பஞ்சும் சேந்து இருநூறு பவுண்டு குடிச்சிருக்கு."

வேட்டின் ஏணியை வாங்கி ட்வைலா கூரைக்கு ஏறினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. முன்விளிம்பில், தகடும் தகடும் சேரும் தையலை ஒட்டி, ஜூனிப்பர் மர இலையும் மண்ணும் காய்ந்து ஒரு பெரிய வட்டம் படிந்திருந்தது. குளம் வற்றிய கறை. பனி பகலில் உருகி, இரவில் உறைந்து, மாதக்கணக்கில் அங்கேயே நின்றிருக்கிறது.

இந்தக் கூரைகள் தண்ணீரைப் பின்னால் தள்ளும்படி செய்யப்பட்டவை. முன்னால் நிற்க வேண்டுமானால் வண்டியின் வால் தூக்கியிருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கக் காலியாக நின்ற கேம்பர். அடியில், சுமைக்கு மேல் ஒரு பட்டை கூடுதலாக.

வேலை முடிந்த பிறகும் அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கீழே நின்ற நாங்கள், ஏதோ அளக்கிறார் என்று நினைத்தோம்.

"பழைய கேம்பர், ஒழுகத்தான் செய்யும்" என்று லைல் கீழிருந்து குரல் கொடுத்தார். "நீ என்ன பண்ணுவ. எறங்கி வா."

அவர் இறங்கி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி முன்னாடி நின்னது என்னாலதான், லைல். நான் ஒரு பட்டை கூடப் போட்டதால பின்னாடி தூக்கிடுச்சு."

லைல் அவரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். எடைச்சாவடியில் ட்வைலா மற்றவர்களைப் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்திருக்கும்.

"எதுக்கு இப்ப இதைச் சொல்ற?"

"அதுதான் நடந்தது."

"யாரும் கேக்காம யாரும் தப்பை ஒத்துக்க மாட்டாங்க. சுவர் வேலையும் உனக்கே வரணும்னா?"

"சுவரை நானே செஞ்சு தரேன். ஒண்ணும் வாங்கமாட்டேன்."

"அப்ப இன்னும் சந்தேகமா இருக்கு."

ட்வைலா வேட்டிடம் ஒரு வாளித் தண்ணீரும் ரசமட்டமும் கேட்டார். கல்லும் பேட்டரியும் இறக்கியிருந்ததால் வண்டி ஏறக்குறையக் குளிர்காலத்தில் நின்ற நிலையில்தான் நின்றது. ரசமட்டத்தைக் கேம்பரின் தரையில் வைத்தார். குமிழி உயர்ந்திருந்த வால் பக்கம் ஓடியது. "மேல ஏறி நீங்களே ஊத்துங்க" என்றார். லைல் ஏறி, கூரையின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் சற்றுத் தயங்கிவிட்டு, நேராக முன்விளிம்புக்குப் போய், கறை வட்டத்துக்குள் அடங்கி நின்றது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்னொரு வாளி கேட்டார். அதுவும் அங்கேயே போனது.

"எவ்வளவு தூக்கியிருக்கு?"

"ரெண்டு விரல்."

"அந்தப் பட்டையை ஏன் போட்ட?" ஆர்டிஸ் கேட்டார், பதில் ஊருக்கே தெரிந்திருந்தும்.

"நீங்க பொய் சொல்வீங்கன்னு."

"செப்டம்பர்ல நாங்க சொல்லலையே. எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுத்தான வந்தோம். கல்லையும் பேட்டரியையும் ஏத்திப் பொய் சொன்னது ஏப்ரல்லதான."

ட்வைலா ரசமட்டத்தை வேட்டிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆமா. அவசரப்பட்டுட்டேன்."

அன்றே கேம்பரை இறக்கிப் பட்டறைக்குள் வைத்தார்கள். மூன்று வாரம் ட்வைலா முன்சுவரைப் பிரித்து, ஊறிய நுரைப்பஞ்சை வாரிக் கொட்டி, புது மரம் வைத்தார். பிக்கப்பிலிருந்து கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காற்றுப் பைகளைப் பொருத்தினார்; சுமை இருந்தால் காற்றடிக்கலாம், இல்லாவிட்டால் இறக்கிவிடலாம். லைல் தினமும் காலை ஒன்பது மணிக்கு மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியும் உள்ளே போவதைப் பார்த்தார். நம்பவில்லை என்று அவர் சொல்லவில்லை, போகவும் இல்லை. மதியம் இருவரும் ஆர்டிஸ் கொடுத்தனுப்பிய இறைச்சி ரொட்டியைப் பகிர்ந்துகொண்டார்கள். ட்வைலா தன் பங்கைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடித்தார்.

ஜூனில் திருவிழா வாசலில் நின்ற லைல், நடந்ததை அப்படியே சொன்னார். கல், பேட்டரி, பட்டை, சுவர், எதையும் விடவில்லை. திங்கட்கிழமை நான் பட்டறைப் பக்கம் போனபோது வாசலில் பதினாலு கேம்பர்கள் நின்றன. தவறை ஒத்துக்கொண்ட பட்டறைக்காரி என்று பாராட்ட யாரும் வரவில்லை. ட்வைலா சொன்னதை நம்பாமல், தங்கள் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தாங்களே பார்க்க வந்தவர்கள். சிலர் வாளியையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள்.

ட்வைலா ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஊத்திப் பாருங்க" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.