மரியம் என்ற விலாசம்

தந்தி ஆபீஸ் வேலை என்றால் கட்டுக்கடகட என்று தட்டுவதோடு சரி என்று நினைக்காதீர்கள். ஊரார் பேருக்கெல்லாம் காவல் இருந்து, அந்த ஊராரிடமே திட்டு வாங்கும் வேலை அது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்குப் புரியும். இன்டர்நெட்டில் விலாசப் பெயர்களுக்கு யார் அதிகாரி, அமெரிக்காவா மற்ற நாடுகளா என்று இப்போது டிவியில் அடித்துக்கொள்கிறார்கள். பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா வருஷத்திலேயே மலாக்காவில் இந்தக் கூத்தைப் பார்த்தவன் நான்.

ஒரே ஒரு சொல்

அப்போதெல்லாம் கடைக்காரர்கள் நீள விலாசத்துக்குப் பதில் ஒரே ஒரு சொல்லை எங்களிடம் பதிந்துகொள்ளலாம். அந்தச் சொல்லும் ஊர்ப்பெயரும் போதும், தந்தி வந்து சேரும். காஜா பேராங் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய், நாகூரில் இருந்த தன் தாயின், அதாவது உம்மாவின், பெயரையே விலாசமாகக் கேட்டார். மரியம். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு ரப்பர் கம்பெனி அதை எப்போதோ பிடித்து வைத்திருந்தது. கம்பெனி சிங்கப்பூருக்கே போய்விட்டது, பெயரை மட்டும் விடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு தந்திகூட வந்ததில்லை. எங்கள் ஆபீஸை நடத்திய வெள்ளைக்காரத் துரையோ, முந்தி வந்தவனுக்கே பெயர் என்று சொல்லிவிட்டார். பாய்க்கு வந்ததே கோபம்! “எங்க உம்மா பேர எனக்கு இல்லேன்னு சொல்ல இவரு யாரு தம்பி?”

மெர்டேக்கா அல்வா

மெர்டேக்கா வந்தது. துரை கப்பலேறினார். அவர் நாற்காலியில் நம்ம ஆள் ஒருவர் உட்கார்ந்தார். மறுவாரமே பாய் பெருநாள் சட்டையோடு, கையில் மனுவும் அல்வாப் பொட்டலமுமாக வந்து நின்றார். நம்ம ஆள் அல்வாவைச் சாப்பிட்டார், மனுவைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார், அத்தோடு மறந்தார்.

பதில் வருமுன்பே பாய், இனி ‘மரியம், மலாக்கா’ என்று அடித்தால் போதும் என்று நாகூருக்குக் கடுதாசி போட்டுவிட்டார். அவசரப்படாதீர்கள் என்றேன். சிரித்தார். “நம்ம கவர்மெண்டு தம்பி, நம்மகிட்டயா இல்லேன்னு சொல்லும்?”

சிங்கப்பூருக்குப் போன தந்தி

வந்தது தந்தி. மரியம், மலாக்கா. உம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு.

எங்கள் ஆபீசில் தந்தியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் பெயர் பிள்ளை. கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த தமிழ் வம்சம், வீட்டில் பேசுவது மலாய், தமிழ் அரைகுறை. ஆனால் எந்தத் தந்தி எந்த வாசலுக்கு என்று புத்தகம் பார்க்காமலே தெரியும். சைக்கிளை எடுத்துவிட்டார். நம்ம ஆள் தடுத்தார். புத்தகத்தில் மரியம் ரப்பர் கம்பெனியுடையது, சிங்கப்பூருக்குத் திருப்பு என்றார்.

ரப்பர் கம்பெனிக்கு உம்மா ஏது சார் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. என் கையாலேயே திருப்பி அடித்தேன். பாழாய்ப்போன கை! தந்தியில் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும், பாயிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளைதான் நம்ம ஆள் முகத்துக்கு நேரே கத்தினார். “இது காதர் உம்மா, கம்பெனி உம்மா இல்லே லா!”

கிடைத்த பெயர்

அடுத்த தந்தி முழு விலாசத்தோடு நேராகக் கடைக்கே வந்தது. உம்மா இறந்துபோன மௌத்துச் செய்தி. முன்னால் அடித்ததற்கு ஏன் பதில் இல்லை என்றும் கேட்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் கவுண்டருக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சில மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து கடிதம்: கம்பெனி விட்டுக்கொடுத்துவிட்டது, மரியம் உங்களுக்கே. நம்ம ஆள் பட்டம் கொடுக்கிற மாதிரி அதை நீட்டினார். பாய் கை நீட்டவில்லை, என்னைப் பார்த்தார். “அந்தப் பேரப் போட்டு இனி எனக்கு யாரு தம்பி தந்தி அடிக்கப் போறா?”

இன்டர்நெட்டுக்கு எந்த நாடு வேண்டுமானாலும் எசமானாக இருந்து தொலையட்டும், பெயர் கொடுக்கிற அந்த ஆபீசில் பிள்ளை மாதிரி ஒருவரை உட்காரவைத்து, என்னை மாதிரி ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் சரி.