அல்பேட்டா தேடிய என் கணவர்

அல்பேட்டா மாகாணத்துக் கல்கரியில் என் தங்கையின் மகளுக்குத் திருமணம். ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் போகும் வழியில், மோர்னிங்சைட் சந்தியில், காரின் பின்விளக்கு எரியவில்லை என்று பொலிஸ் மறித்தது. என் கணவரின் லைசென்ஸை வாங்கிப் போன அதிகாரி திரும்பி வந்து, அல்பேட்டா மாகாணத்தில் அவர் பெயரில் பிடியாணை இருப்பதாகச் சொன்னார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "என்னப்பா செய்தனீங்கள்?"

"கலியாணத்துக்கு முந்தி அங்க லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிச்சனான். கோட்டுக்கு வரச் சொன்னவங்கள். நான் ரொறன்ரோவுக்கு வந்திட்டன். மாகாணம் மாறினால் வழக்கும் முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

அதிகாரி அல்பேட்டாவுடன் பேசிவிட்டு வந்தார். அந்தப் பிடியாணை அங்கே மட்டும்தான் செல்லுமாம். இவரைக் கூட்டிப் போக இவ்வளவு தூரம் வர அவர்களுக்கு விருப்பமில்லையாம். ஆனால் அங்கே இறங்கினால் கைது செய்யலாமாம்.

எனக்கு உயிர் வந்தது. இவருக்கோ முகம் வாடிவிட்டது. "என்னை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்களோ?"

"அங்க போனால், தாலி கட்டுற நேரம் உங்களுக்கு விலங்கு போடுவாங்கள். பேசாமல் வீட்டை போங்கோ."

நான் மட்டும் பறந்தேன். பிறகு கல்கரியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து வழக்கை முடித்தோம்.

இப்போதெல்லாம் வேறு மாகாணத்துக்கு டிக்கெட் எடுக்குமுன், "அங்க உங்களை ஆரும் தேடுகினமோ?" என்று கேட்டுவிடுவேன். போன மாதம் மொன்றியல் போக நினைத்துக் கேட்டேன். மனிதர் உடனே இல்லை என்று சொல்லவில்லை, யோசிக்கத் தொடங்கிவிட்டார்.