மாப்பிள்ளை கேட்ட மோட்டார் சைக்கிள்

என் கணவர் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணப் பேச்சின்போதே மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று கேட்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த என் அப்பா, எங்கெங்கோ அலைந்து புத்தம் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தாயில்லாமல் வளர்ந்த ஒரே பெண் நான்.

மழைக்காலத்தில் சேறு படும் என்று என் கணவர் வண்டியை எடுக்கவே இல்லை. மழை விட்டபின் பார்த்தால் கிளட்ச் இறுகிப்போயிருந்தது. உள்ளே இருக்கும் தட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிடியை எவ்வளவு அழுத்தினாலும் என்ஜின் சக்கரத்தை விடவில்லை. கியர் போட்டதுமே ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும்.

"உங்கப்பன் ஓட்டை வண்டிய நம்ம தலையில கட்டிட்டான்" என்றார். சோறு போடும்போதெல்லாம் அதே பேச்சு.

கிள்ளான் பாசார் பக்கம் வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே ஒரு வழி சொன்னார். கியரைப் போட்டு, கிளட்ச்சை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து ஆள் தள்ள வேண்டும், தட்டுகள் பிரிந்துவிடும். தோட்டத்தில் ஆளுக்கா பஞ்சம்? என் கணவர் கூப்பிட்டது என்னை.

"உங்கப்பன் குடுத்ததுதானே? நீயே தள்ளுடி."

லயத்து வீடுகளுக்கு முன்னால், செம்மண் சாலையில், அவர் உட்கார்ந்திருக்க நான் தள்ளினேன். சக்கரம் என்ஜினையும் சேர்த்து இழுக்க வேண்டியிருந்ததால், வண்டி முட்டி முட்டி நின்றது. பால்வெட்டு முடிந்து வந்த பெண்ணொருத்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"கிராணி ஐயா, நாங்க தள்ளுறோமே."

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

அவள் போய்விட்டாள். வண்டி அன்று சரியாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க வந்தார். கொப்புளம் கண்டிருந்த என் உள்ளங்கைகளைப் பார்த்தார். அதற்குள் என் கணவர் வண்டியை வாசலுக்கு உருட்டிவந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க சரக்கு, நீங்களே தள்ளுங்க."

அப்பா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார்.

"வேணாம்ப்பா" என்றேன்.

"சும்மா இரு."

இருவருமாகத் தள்ளினோம். அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. "ம், இன்னும்" என்று என் கணவர் வண்டிமேல் இருந்து அதட்டிக்கொண்டே இருந்தார். மேட்டருகே உள்ளே ஏதோ 'டக்'கென்று விட்டது. கனத்துக் கிடந்த வண்டி சட்டென்று லேசாகி முன்னால் ஓட, அப்பா குப்புற விழுந்தார். என் கணவர் திரும்பி, பின்சக்கரத்தைப் பார்த்தார். உதைத்துக் கிளப்பி, கிளட்ச்சைப் பிடித்து விட்டுப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தபடி கிள்ளான் பக்கம் போய்விட்டார்.

அப்பாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. என்னை இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எந்தெந்தச் சேலையை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்தேன். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, வண்டிச் சத்தம் போன திசையைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஓடிருச்சுல்ல? இனிமே மாப்பிள்ள உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் என் கணவர் நல்ல பசியோடு வந்தார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வண்டி ஜோரா ஓடுதுலா. உங்கப்பன்கிட்ட ஒரு கைக்கடிகாரம் கேக்கணும்."

அப்பா அதையும் வாங்கிக் கொடுத்தார்.