கேத வீட்டில் ஒரு புரோகிராமர்

2007-ல் மதுரையில் ஒரு மனநல டாக்டரம்மா, பிரிஸ்கில்லாவிடம் அரைநாள் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று ஆட்டிசம். இன்னொன்று ஏ.டி.ஹெச்.டி. பிரிஸ்கில்லாவுக்கு ஆடித் தள்ளுபடி ஞாபகம்தான் வந்தது. ஒன்றுக்கே தயங்கித் தயங்கிப் போனவளுக்கு இன்னொன்றையும் இலவசமாகக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆட்டிசம் அடம்பிடிக்கும், வைத்த இடம் எது என்பதை மற்றது மறந்துவிடும். ஒரே மண்டைக்குள் ஒத்துப்போகாத இரண்டு ஓரகத்திகள். சமையல்கட்டு என்னவோ ஒன்றுதான்.

அதற்கு முன்பே திண்டுக்கல் அவளுக்குப் பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை. பள்ளியில் கிறுக்கி. கோயில் பாடல்குழுவில் திமிர்பிடித்தவள். வீட்டில் மறதி மாடு. டாக்டர் கொடுத்த பெயர்களாவது இங்கிலீஷில் இருக்கின்றன, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் படித்து வாங்கிய பட்டம் மாதிரி இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள்.

அவளை மதுரைக்கு இழுத்துப் போனவள் அக்கா ரோசலின். பள்ளிக்கூட டீச்சர். திண்டுக்கல் பேகம்பூரில் அக்கா வீட்டு மாடியில்தான் பிரிஸ்கில்லா இருந்தாள். எரியோட்டில் ஒரு நூற்பாலைக்கு வேலையாகக் கிளம்பியவள், மண்டைக்குள் ஒரு புரோகிராமைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டே ஏறின பஸ்ஸில் ஆயக்குடிக்குப் போய் இறங்கினாள். எரியோடு ஒரு திசை, ஆயக்குடி வேறு திசை. இறங்கினவள் எதற்கு வந்தோம் என்று யோசித்து, ஆயக்குடி என்றால் கொய்யாதானே என்று ஒரு பை கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பினாள். பழம் நன்றாகத்தான் இருந்தது. எரியோட்டில் பகல் முழுக்க அவளுக்காகக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ரோசலின் அவளை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

அந்த ஆலைக்கு எழுதும் சாப்ட்வேர்தான் அவள் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பேச்சிமுத்து நடத்திய சின்ன கம்பெனியில் 1996-ல் புரோகிராமராகச் சேர்ந்தாள். ஷிஃப்ட் வேலை, ஆள் வருகை, பஞ்சு இருப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்க ஆலைகளுக்கு எழுதிக் கொடுக்கிற இடம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், எழுந்தால் உட்கார மாட்டாள். வாங்கி வைத்த டீ ஆறி, ஆடை படிந்து, அதில் ஈ குளித்து, கடைசியில் டீக்கடைக்காரர் தம்ளரைக் கேட்டு மாடியேறி வருவார். ஆனாலும் அந்த நாற்காலியைப்போல உலகத்தில் வேறு இடம் அவளுக்குப் பிடித்ததில்லை. கம்ப்யூட்டருக்கு விதிகள் உண்டு, அவை எழுதியும் இருக்கும். மனிதர்களுக்கும் விதிகள் உண்டு. அவற்றை எழுதி வைக்கத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

அந்தக் குறையை ரோசலின் சின்ன வயதிலிருந்தே தீர்த்து வந்தாள். யாராவது பேசினால் முகத்தைப் பார்க்க வேண்டும். ரொம்பவும் பார்க்கக் கூடாது. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும், கேட்காததை விட்டுவிட வேண்டும். ஒருமுறை பெரியம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரிஸ்கில்லா, "போறேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டாள். திரும்பி வருகிற உத்தேசம் அவளுக்கு இல்லை, உண்மையைத்தான் சொன்னாள். வெளியே வந்ததும் அம்மா தொடையில் திருகிய திருகு நெடுநாள் கன்றியிருந்தது. அன்றைக்கு ரோசலின் கற்றுக்கொடுத்தாள்: யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். பிரிஸ்கில்லா அதைப் பிசகாமல் கடைப்பிடித்தாள். பெட்டிக்கடையில் சில்லறை மாற்றினால்கூடச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

2008-ல் அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது. எரியோட்டு ஆலை முதலாளி கருப்பணனிடம் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று புது சாப்ட்வேரோடு வந்து நின்றது. பேச்சிமுத்து மறைக்காமல் சொன்னார்.

"இந்த ஆலை கைய விட்டுப் போச்சுன்னா ஒனக்குக் குடுக்க என்ட்ட வேற வேல இல்லம்மா. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

பிரிஸ்கில்லா உட்கார்ந்திருந்த நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேறு இடத்தில் வேலை தேடலாம்தான். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனவள்தானே. ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். "என் வீட்டுச் சாவி எங்க இருக்குன்னே இப்பத் தெரியல சார்" என்றாள். அது உண்மை. அவர்கள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேச்சிமுத்துவை விட்டால் இந்த மண்டைக்குச் சம்பளம் கொடுக்க ஆள் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கருப்பணன் எந்தப் பக்கமும் முடிவு சொல்லாமல் இருந்த நேரத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். பேச்சிமுத்து ஒரு பெரிய ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு, பிரிஸ்கில்லாவையும் காரில் ஏற்றிக்கொண்டு எரியோட்டுக்குக் கிளம்பினார். வழி முழுக்க ஒரே பாடம்தான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். வாயத் தெறக்காத. மாலையப் போட்டமா, செத்த நேரம் ஒக்காந்தமா, எந்திரிச்சமான்னு இருக்கணும்."

அவளும் அப்படியே இருந்தாள். கொட்டுச் சத்தம் எலும்புக்குள் இறங்கியது. ஊதுபத்தியும் ரோஜாவும் சேர்ந்து குமட்டியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் கழுத்தையும் கட்டி இழுத்து உட்காரவைத்தார்கள். தொட்டாலே உடம்பு கூசும் அவளுக்கு. மின்கம்பம் மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாகப் பேச்சிமுத்து கண்ணைக் காட்டினார். எழுந்தாள். வாசலில் கருப்பணன் நின்றுகொண்டிருந்தார். கொட்டுக்காரர்கள் டீ குடிக்க அப்போதுதான் மேளத்தை இறக்கி வைத்திருந்தார்கள்.

பிரிஸ்கில்லாவின் கைகள் தாமாகக் குவிந்தன.

"போயிட்டு வாரேன் சார்."

அவள் குரல் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று எந்தப் புத்தியுள்ள மனிதரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு பெண் தன் வாயில் அடித்துக்கொண்டாள். கருப்பணன் பிரிஸ்கில்லாவைப் பார்த்தபடியே நின்றார்.

காரில் ஏறி ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் பேச்சிமுத்துவுக்குப் பேச்சு வந்தது.

"அடுத்த சாவுக்கும் வாரேன்னு அவருட்டயே சொல்லிட்டு வந்திருக்கியேம்மா. நான் கூப்புடுற வரைக்கும் ஆபீஸ் பக்கம் வராத."

வீட்டில் ரோசலின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "கேத வீட்ல சொல்லிக்கிட்டு வரக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லவே இல்லையே."

"அதெல்லாமா சொல்லிக் குடுப்பாக?"

பிரிஸ்கில்லாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விதியைக் கொடுக்கிறவர்கள் விதிவிலக்கையும் சேர்த்துக் கொடுக்க மாட்டார்களா? ஒரு புரோகிராமை இப்படிப் பாதியாக எழுதிக் கொடுத்தால் பேச்சிமுத்து சும்மா விடுவாரா? படுத்தவளுக்கு இன்னொரு கவலையும் பிடித்துக்கொண்டது. வருவதாகச் சொல்லியாகிவிட்டது. சொன்னதே தப்பு. சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் பொய்யும் சேரும். இரண்டு தப்பில் ஒன்றையாவது குறைக்கலாம் என்று அவள் மண்டை கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டுத்தான் அது அவளை வாழ்நாளெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம், பஸ் போர்டை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு எரியோட்டுக்கு ஏறினாள்.

பந்தலைப் பிரித்திருந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கருப்பணன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"நேத்து வாரேன்னு சொல்லிட்டேன் சார். கேத வீட்ல அப்பிடிச் சொல்லக்கூடாதாம், எனக்குத் தெரியாது. சொல்லிட்டு வராம இருந்தா அது பொய்யாயிரும். அதான் வந்தேன்."

கருப்பணன் ஒரு நாற்காலியை உருவிப் போட்டார். உட்கார்ந்தாள். ஆறுதல் எப்படிச் சொல்வது என்று ரோசலின் கற்றுக்கொடுத்திருந்ததை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மண்டைக்குள் கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்தாள்.

"மூணாவது ஷிஃப்ட் ரிப்போர்ட்ல ஒரு தப்பு இருக்கு சார். ஷிஃப்ட் மாறி வந்த ஆளுகள ரெண்டு தடவ எண்ணுது. நான் எழுதுனதுதான். ஒங்களுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாக."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வேலைக்குத் தானே குழிவெட்டியது அவளுக்கு உறைத்தது. கருப்பணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படி எண்ணுகிறது, ஏன் எண்ணுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள். சாவுச் செலவு, சாம்பல் கரைப்பது, யார் வந்தார், யார் வரவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக் கேட்டு நைந்துபோயிருந்த மனிதர் அதைக் கவனமாகக் கேட்டார்.

"ஆலையில மூணாவது ஷிஃப்ட் சங்கு ஊதுனாத்தான் எங்கம்மா படுக்கும்" என்று ஆரம்பித்தவர் அதோடு உடைந்துவிட்டார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். ஒரு ஆம்பளை இப்படி அழுதால் என்ன செய்வது என்பதற்கும் பிரிஸ்கில்லாவிடம் விதி இல்லை. முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அடுக்கிய நாற்காலிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் திரும்பவே இல்லை.

"நேத்து கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலம்மா" என்றார் கருப்பணன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக."

பிரிஸ்கில்லா தன் வாழ்நாளில் மூஞ்சியைப் பார்க்காததற்குத் திட்டு வாங்கியிருக்கிறாளே ஒழிய, அதனால் ஒருவருக்கு உபகாரம் நடந்ததாக அதுவரை கேள்விப்பட்டதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பேச்சிமுத்துவிடமிருந்து போன் வந்தது. ரோசலின் எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"எரியோட்டுல என்ன பேசுன?" என்றார் பேச்சிமுத்து.

"மூணாவது ஷிஃப்ட் ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னேன் சார்."

"நம்ம சாப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு நீயே போயிச் சொன்னியா?"

"ஆமா சார்."

"கோயம்புத்தூர்க்காரன் அவன் சாப்ட்வேர்ல தப்பே கெடையாதுங்கிறானாம். அந்தப் புள்ள தப்பு இருக்குங்குது, ஒங்களதையே வச்சுக்கிர்றேன்னுட்டாரு கருப்பணன்." பேச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழம வந்து அதச் சரி பண்ணு."

பிரிஸ்கில்லா போனை வைத்துவிட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"என்னாச்சுடி?" என்று ரோசலின் பதறிக்கொண்டு முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நல்ல சேதிதான்க்கா. செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

ரோசலின் ஒன்றும் புரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிரிஸ்கில்லா அழ ஆரம்பித்தாள்.