நெவில் பாஸ்கோவுக்கு மூன்று நிமிடம்

க்ளெனிஸ் பாஸ்கோ தன் புருஷனை நாற்பது வருஷம் மேடையில் நாறடித்தாள். நாறிப்போன நெவில் தூணோரத்து மேசையில் பீரோடு உட்கார்ந்து, மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் நகரத்தில் எஃகு ஆலையின் புகை தெரிகிற எந்தக் கிளப்பில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவள் பேச்சுக்கு ஒரு சிரிப்பு, அவன் மூஞ்சிக்கு இன்னொரு சிரிப்பு.

அவள் மேடைக்கு வந்ததே ஒரு விபத்துதான். அப்போது அவள் கிளப்பில் பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிட்னியிலிருந்து வரவேண்டிய நகைச்சுவைக்காரர் பாதி வழியில் ஏதோ ஒரு மதுக்கடையில் இறங்கி அங்கேயே குடிவந்துவிட்டார். நிகழ்ச்சி ரத்து என்று அறிவிக்கச் சொல்லி இவளை மைக்கிடம் தள்ளிவிட்டார்கள். போனவள் அதை மட்டும் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரன் ஆலையில கிரேன் ஓட்டுறான். நூறு டன் இரும்பைத் தூக்குவான். தின்ன தட்டை மட்டும் தூக்க மாட்டான்."

கூட்டம் மொத்தமும் திரும்பி நெவிலைப் பார்த்தது. பயத்தில் அவன் முகம் சிமெண்ட் பூசினதுபோல் இறுகிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் பிழைப்பில் பாதி அந்த முகம் என்று க்ளெனிஸுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

பிறகு தொலைக்காட்சி கூப்பிட்டது. வாராவாரம் ஒளிபரப்பான ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில், வேலிக்கு மேல் தலையை நீட்டும் பக்கத்து வீட்டுக்காரியாக வந்தாள். "நான் ஒட்டுக் கேக்கல, அதுவா காதுல விழுந்துச்சு" என்று அவள் சொன்னது நாடு முழுக்கப் பரவியது. மீன் கடையில், பல் டாக்டரிடத்தில் எல்லாம் அதைச் சொல்லச் சொன்னார்கள். அவள் மாமியார் சவ அடக்கத்தில்கூட ஒரு பாதிரியார் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னாள். மாமியார் உயிரோடு இருந்தபோது அது அவருக்குப் பிடித்ததே இல்லை.

தொடர் முடிந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குத் தொலைக்காட்சியில் மருந்து விளம்பரத்தைத் தவிர வேறென்ன கொடுப்பார்கள்? தொலைபேசி ஊமையானது. க்ளெனிஸ் பழையபடி கிளப்புகளுக்கே திரும்பினாள். கடற்கரை ஊர்கள், உள்நாட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் நெவில்தான் காரோட்டினான். எங்கே போனாலும் எல்லோர் கண்ணுக்கும் படுகிற மேசையில் போய் உட்கார்ந்துகொள்வான். திரும்பி வரும்போது காரில் அவன் சொல்லும் விமர்சனம் ஒன்றேதான்: "மோசமில்ல."

ஒரே ஒரு முறை, டப்போ என்ற உள்நாட்டு ஊரில், அவன் சிரித்துத் தொலைத்தான். கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் சிரிப்பு வந்தால் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொள்வான். அவன் வாயைச் சோதித்த பல் டாக்டர், "என்ன சார் வேலை பாக்குறீங்க?" என்று கவலையோடு கேட்டாராம். இப்படியும் ஒருத்தியை நேசிக்கலாம் என்பது அவனைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த ஏப்ரலில் நெவில் போய்விட்டான். நெஞ்சடைப்பு.

செப்டம்பர் வரை க்ளெனிஸ் மேடைப் பக்கம் போகவில்லை. உள்ளூர் கிளப்பின் மேலாளர் வார்விக்தான் வீட்டுக்கு வந்து, வரப்போகும் ஆண்டுவிழாவுக்குப் பேசியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சம்மதித்தாள். விழா அன்று காலையில் மகள் லியான் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா ஜோக்கு மட்டும் வேணாம். முட்டி வலி, கைபேசி, பேரப்பிள்ளைங்கன்னு எதையாவது பேசிட்டு இறங்கிடு."

"எங்கிட்ட இருந்த சரக்கே உங்கப்பன்தான்டி. அவனை வெச்சு இனிமே சிரிக்க வைக்க முடியாதுன்னா எனக்கு மேடையில வேலையே இல்ல. இன்னைக்குத் தெரிஞ்சுடும். சிரிக்கலன்னா இதோட மூட்டை கட்டிடுறேன்."

சும்மா சொல்லவில்லை. லியானுக்கு அம்மாவின் குரல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் நிரம்பி வழிந்தது. தூணோரத்து மேசையில் யாரோ ஒரு பூங்கொத்தும் நுரை தளும்பும் ஒரு பீரும் வைத்திருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் நல்ல மனசு அன்றைக்கு க்ளெனிஸின் கழுத்தை நெரித்தது. தட்டு ஜோக்கிலிருந்து ஆரம்பித்தாள். முன்வரிசைப் பெண்கள் தலையைச் சாய்த்து, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். இன்னொரு ஜோக்கு. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். திட்டினால்கூட ஒரு நகைச்சுவைக்காரி திருப்பித் திட்டிப் பிழைத்துக்கொள்வாள், பரிதாபப்பட்டால் என்ன செய்வாள்? முட்டி வலிக்குத் தாவினாள். அதற்கு மரியாதைக்காக நாலு பேர் சிரித்தார்கள்.

முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றி சொல்லி இறங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது மணி அடித்தது.

உறுப்பினர் குலுக்கல். ஞாயிறு ஐந்தரைக்குக் கல்யாணமே நடந்துகொண்டிருந்தாலும் அது நிற்காது. கம்ப்யூட்டர் ஒரு உறுப்பினர் பெயரைப் பொறுக்கும். பெயருக்குரியவர் மூன்று நிமிடத்துக்குள் கவுண்ட்டருக்கு வந்து நின்றால் பரிசு, வராவிட்டால் பரிசு அடுத்த வாரத்துக்குப் போகும். வார்விக் பழக்கதோஷத்தில் கவுண்ட்டர் மைக்கை எடுத்து, திரையில் வந்ததை அப்படியே வாசித்தான்.

"இந்த வாரம்... நெவில் பாஸ்கோ!"

மூளைக்கு எட்டுவதற்குள் வாய் சொல்லிவிட்டது. செத்தவன் பெயரை அலுவலகத்தில் யாரும் நீக்கவில்லை.  பெரிய திரையில் நெவில் பெயருக்குக் கீழே கடிகாரம் மூன்று நிமிடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. வார்விக் எதையெதையோ அழுத்திப் பார்த்தான், நிற்கவில்லை.

"க்ளென், மன்னிச்சிடு க்ளென், நான் பேரை எடுக்கச் சொல்லியிருந்தேன், இந்தச் சனியன்..."

லியான் எழுந்து மேடையை நோக்கி ஓடி வந்தாள். க்ளெனிஸ் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய எழுத்தில் அவன் பெயர்!

"கடிகாரத்தைத் தொடாத வார்விக். விதின்னா விதி. மூணு நிமிஷம் குடு அவனுக்கு."

அவள் தூணோரத்து மேசைப் பக்கம் கையை நீட்டினாள்.

"நாப்பது வருஷமா ஒரு வாரம் தவறாம அங்கயே உக்காந்திருந்தான். ஒரு தடவையாவது கூப்பிட்டியா? இப்பக் கூப்பிடுற! இதான் அவன் அதிர்ஷ்டம்!"

பின்னால் எங்கோ ஒரு குறட்டைபோல் சத்தம் கேட்டது. நெவிலோடு ஆலையில் வேலை பார்த்த கெல்வின். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. பக்கத்து மேசை அவனைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் அதற்கடுத்த மேசை.

"பொறுங்க, வருவான். செருப்பு தேடிட்டிருப்பான். ஆஸ்பத்திரியில டாக்டர் காலையிலயே முடிஞ்சுடும்னாரு. நானும் பிள்ளைங்களும் அழுது தயாராயிட்டோம். ஐயா சாயங்காலம்தான் கிளம்பினாரு! எந்த இடத்துக்குடா நேரத்துக்குப் போயிருக்க நீ?"

இப்போது கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உச்சுக் கொட்டிய முன்வரிசைப் பெண்கள்தான் அதிகம். லியான் மேடைப் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்பாவை எல்லோரும் ஒன்றாகத் திட்டுவது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

க்ளெனிஸ் விடவில்லை. அவன் காரோட்டிய லட்சணம், அவன் குறட்டை, அவன் சமைத்த ஒரே ஒரு முட்டை எல்லாம் வந்தது. அவள் கண் மட்டும் அடிக்கடி திரைக்குப் போயிற்று. அரை நிமிடம் இருந்தபோது அவள் பேச்சு மெதுவானது. கடைசிப் பத்து விநாடி அவளும் மற்றவர்களும் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமலே பலர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

பூஜ்யம்.

நேரம் முடிந்ததும் மேலாளர் வாய்விட்டு அறிவிக்கவேண்டும். அப்போதுதான் குலுக்கல் முடியும். வார்விக் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.  மைக்கை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான்.

நெவில் இனி இல்லை என்று ஏப்ரலிலிருந்து அவள் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. வங்கிக்காரர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் லியான்தான் சொன்னாள். க்ளெனிஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வரல," என்றாள். "நெவில் பாஸ்கோ வரல. வரமாட்டான்."

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. இந்த முறை யாரும் உச்சுக் கொட்டவும் இல்லை. அவளே பேசட்டும் என்று காத்திருந்தார்கள்.

"பரிசு அடுத்த ஞாயித்துக்கிழமைக்குப் போகுது," என்றாள். "நானும் வரேன்."