ரீகால் ஃபைல்

எங்கள் ஸ்கேன் சென்டரில் ரீகால் என்றால் ஒரே அர்த்தம்தான். படம் சரியாக விழாத நோயாளியைப் போன் போட்டுத் திரும்ப வரச் சொல்வது. அதற்கென்று ஒரு நீல ஃபைல் உண்டு.

சென்டர் மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியின் தரைத்தளத்தில் இருந்தது. கவுன்டரில் பெயர் எழுதுவது, கூரியர் வாங்குவது, எக்ஸ்ரே மேஜையில் ஆளைப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஆம்பூர்ப் பக்கம் எட்டாவதோடு படிப்பு நின்று, கல்யாணமாகி இங்கே பக்கத்துத் தாபோடிக்கு வந்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைசி வார்த்தைக்கு வரும்போது முதல் வார்த்தை மறந்திருக்கும்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அங்கே எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன். எங்கள் தெருக்காரர், தமிழர். மற்ற எல்லாருக்கும் நான் மாவ்ஷி. இந்த ஊரில் ஆஸ்பத்திரி வேலைக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் தங்கச்சி என்பார். நான் அவரை அண்ணா என்பேன், கூடப் பிறந்தவர் போலவே நம்பினேன்.

மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேலே சிவப்பில் 'அர்ஜென்ட்' என்று இருந்தது. நேராக அண்ணனிடம் கொண்டுபோனேன். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். மடித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ரீகால் லெட்டர். ரீகால் ஃபைல்ல போட்டுடு."

"எந்த பேஷன்டுக்கு, அண்ணா?"

சிரித்தார். "எல்லாருக்குந்தான்."

எனக்குப் புரியவில்லை. ஃபைலில் போட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் போய்க் கேட்டேன். "அர்ஜென்ட்னு போட்டிருக்கே, டாக்டர்கிட்ட காட்டவேணாமா?"

"அரே, கம்பெனிக்காரன் காலண்டர் அனுப்பினாக்கூட அர்ஜென்ட்னுதான் போடுவான். நீ வீட்ல கேஸை மூடிட்டு வந்தியா, அத யோசி."

உண்மையாகவே கேஸைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

எக்ஸ்ரே ரூமில் மெஷினின் தலை மேலே தண்டவாளத்தில் தொங்கும். நல்ல கனம். அதுவரை அண்ணா பக்கத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் இறக்குவார். கடிதம் வந்த பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பட்டனை அழுத்தியே இறக்கினார். "காலை நேரா வை, தங்கச்சி," "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று அங்கிருந்தே சொல்வார். நான் தலைக்குக் கீழே நின்று செய்வேன். வயசாகிவிட்டது, நிற்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். படுத்திருப்பவர்களிடம் "காப்ரூ நகா, பயப்படாதீங்க" என்று வேறு சொல்வேன்.

மூன்று வாரம் போயிருக்கும். மூட்டுவலிக்காரர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். மேலே டக்கென்று ஒரு சத்தம். மெஷின் தலை ஒரு முழம் சரிந்து இறங்கி, அவர் முழங்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. என் கை அடியில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் தன் வலியை மறந்து குதித்து இறங்கினார்.

மறுநாள் கம்பெனி இன்ஜினியர் வந்தார். உள்ளே தலையைத் தாங்கும் கம்பி நைந்துபோகலாம், பார்த்துச் சரிசெய்யும் வரை அடியில் ஆளைப் படுக்கவைக்காதே, இதைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்களாம். நோயாளியை அல்ல, பழுதென்று மெஷினையே ரீகால் செய்திருக்கிறார்கள். கூரியர் சீட்டில் கோணல்மாணலாக என் கையெழுத்து.

சென்டரை நடத்தும் டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணா மராத்தியில் சொன்னார்: "மாவ்ஷிக்கு இங்கிலீஷ் வராது, சார். பேஷன்ட் ரீகால்னு நினைச்சு அந்த ஃபைல்ல வச்சுட்டா."

மாவ்ஷி என்றார். அவர் வாயிலிருந்து அதை அன்றுதான் முதலில் கேட்டேன். சொன்னதிலும் பொய் என்று பிடிக்க எதுவுமில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. நான் அப்படித்தான் நினைத்தேன். நான்தான் வைத்தேன்.

பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. "அண்ணா, நீங்கதானே போடச் சொன்னீங்க? ரெண்டு தடவ கேட்டேனே!"

டாக்டர் அவரைப் பார்த்து, நான் என்ன சொல்கிறேன் என்று இந்தியில் கேட்டார். "க்யா போல் ரஹீ ஹை?"

"மாஃபி மாங்க் ரஹீ ஹை, சார்."

மன்னிப்புக் கேட்கிறேனாம். என் முன்னாலேயே, நான் பேசிய பேச்சையே அப்படி மாற்றிவிட்டார்.

எனக்கு இந்தி தெரியும். காய்கறி பேரம் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் போதும். ஒரு டாக்டர் முன்னால் நின்று இன்னொருவரைப் பொய்யர் என்று சொல்ல அது போதவில்லை. "நஹி சார், இன்ஹோனே போலா," இவர்தான் சொன்னார் என்று மட்டும் வந்தது. அண்ணா தலையை மெதுவாக ஆட்டினார், பாவம் பயந்துவிட்டாள் என்பதுபோல. சரி, போதும் என்று டாக்டர் கையை உயர்த்தினார். "டீக் ஹை, மாவ்ஷி." நாளையிலிருந்து கவுன்டருக்கு வேறு ஆள், நான் தரை துடைத்தால் போதும் என்றார்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஏண்ணா?"

"ரூமை மூடணும்னு சொல்லியிருந்தா டாக்டர் என்னைத்தான் கடிச்சிருப்பாரு. இன்ஜினியர் வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன். உன் வேலை போகலையே தங்கச்சி, அப்புறமென்ன?"

"என் கை அதுக்குக் கீழ இருந்துச்சு."

"நானுந்தான் அதே ரூம்ல நின்னேன்."

"நீங்க கண்ணாடிக்குப் பின்னாடி நின்னீங்க."

சாவியைப் போட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழக்கமாக நான் பின்னால் உட்கார்ந்து தாபோடி வரை போவேன். அன்றும் பழக்கத்தில் சீட்டில் சற்று முன்னால் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் ஏறவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கடுத்த நாளும். அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. டாக்டரிடமிருந்து யாராவது கூப்பிட்டு, என்ன நடந்தது என்று என்னிடமே கேட்பார்கள் என்று ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.