மாமாவின் விரலில் தேன்

இன்று காலை ஒரு தேன் போத்தலால் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது!

என் மகனுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் மட்டும்தான். சில நாளாக மலம் போகவில்லை. (வீட்டில் வேறு பேச்சே இல்லை!)

"பால் நல்லாக் குடிக்கிறார், வயிறும் இளக்கமா இருக்கு. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைகளுக்கு இப்பிடி வாறதுதான்" என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் என் கணவரின் வாப்பா, அதாவது மாமா, விடுவாரா? மகாஓயாக் காட்டுப் பக்கம் போன கூட்டாளியிடம் சொல்லி, காட்டுத்தேன் ஒரு போத்தல் எடுப்பித்துவிட்டார்.

"மகள், ஒரு சொட்டு நாக்குல வெச்சாப் போதும். குடல் சுத்தமாகிரும்."

"வேணாம் மாமா! ஒரு வயசு முடியுமட்டும் தேனே குடுக்கக் கூடாது. அதுல ஒரு கிருமிட வித்து இருக்கலாம். நமக்கு ஒண்டும் செய்யாது. இந்தப் புள்ளைட குடல்ல முளைச்சு நஞ்சு விட்டா, கை கால் சோர்ந்து, மூச்சே நிண்டுரும்."

"இது கலப்படமில்லாத தேன் மகள்!"

"அசல் தேன்லயும் இருக்கும் மாமா!"

"தாய்ப்பால் குடிக்கிற புள்ளதானே, தாங்காதா?"

"தாய்ப்பால்தான் குடல்ல நல்ல கிருமிய வளக்குது. அது வளந்து முடியக் காலம் வேணுமே!"

மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். (என் கணவர்? ஃபோனில் மிக முக்கியமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.)

நான் குளித்துவிட்டு வந்தேன். மகன் மாமாவின் மடியில்.

மாமாவின் விரல் பளபளத்தது. போத்தலில் தேன் குறைந்திருந்தது!

"மாமா! புள்ளைக்குக் குடுத்தீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார்.

பிள்ளையைப் பறித்து வாயை முகர்ந்தேன். பால் மணம்தான். ஆனாலும் மனம் நம்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், ஓட்டோவக் கூப்பிடுங்க!" என்று கணவரிடம் கத்திக்கொண்டே உடுப்புக்கு மேல் அபாயாவை மாட்டினேன்.

மாமா எழுந்து ஓடிவந்தார்.

"வல்லாஹி, சத்தியமாப் புள்ளைக்கு ஒரு சொட்டும் இல்ல மகள்! நான்தான்... நான்தான் நக்கின. மெல்லமாக் கதைங்க, மாமிக்குக் கேட்டிரும்."

மாமாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு)!

சமையலறையில் நின்ற மாமிக்குக் கேட்டுவிட்டது.

"ஓஹோ! புள்ளைட பேரச் சொல்லி எடுப்பிச்சது இதுக்குத்தானா? நேத்துத்தானே கிளினிக்ல ஏச்சு வாங்கின நீங்க?"

மாமி போட்ட சத்தத்தில், என் கையிலிருந்த மகன் முகம் சிவந்தான். முக்கினான். பிறகு எல்லாம் சுகமாக, தாராளமாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

தாய்மாரே, அவசரமாக ஒரு கேள்வி: அபாயாவில் பட்ட மஞ்சள் கறை எதைப் போட்டால் போகும்?